குடும்பத்தில் வேறு யாருக்காவது?

நவம்பர் 3, ஞாயிறு

பம்ப் கம்பெனிக்காரர்கள் நயினார் கடைக்கு வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. அவன் எனக்கு ஒன்று கொடுப்பான். நான் அதில் பால் கணக்குகூட எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். நேற்று கேட்டவை மறந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டும்.

நயினார் என் தம்பி. ஆறுமுகநயினார். டவுணில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறான். ஒன்றரை வருஷமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வான். "ஊர்ல உள்ள கெணத்துத் தண்ணியெல்லாம் மாடிக்கு ஏத்துதவன் நான். எனக்கு ஒரு செம்புத் தண்ணி கெடையாது, பாத்தியாக்கா" என்பான். இதை எல்லோரிடமும் சொல்வான். எல்லோரும் சிரிக்க வேண்டும் அவனுக்கு.

கையில் ஊசி ஏற்றும் இடம் இரண்டாவது முறையாக அடைத்துக்கொண்டதால், நேற்று புது டாக்டரிடம் போனோம். டாக்டர் ரெஹானா. என்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பார். எல்லா டாக்டரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது?"

"அம்மாவுக்கு. கிட்னி ஃபெயிலியர்" என்றேன். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். இவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாக வரைய ஆரம்பித்தார். ஆண்கள் கட்டம், பெண்கள் வட்டம். இறந்தவர்கள்மேல் ஒரு கோடு. நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கி, அதன் கீழே நயினாரின் கட்டத்தைக் கறுப்பாக்கி, பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார்.

"இது நீங்க."

உள்ளே ஒன்றும் தீட்டவில்லை.

அப்புறம் விளக்கினார். சிறுநீரகம் முழுவதும் நீர்க்கொப்புளங்கள் வளர்ந்து, வருஷக்கணக்கில் மெதுவாக அதை வேலைசெய்ய விடாமல் ஆக்கிவிடும் நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் நிகழ்தகவு நடத்துகிறவள். சுண்டிவிட்ட காசுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று ஒவ்வொரு ஜூலையிலும் முதலாண்டு மாணவிகளிடம் சொல்கிறேன். நயினாருக்கு விழுந்துவிட்டது, அதனால் எனக்கு விழாது என்று ஆகாது.

"நீங்க ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இல்லை. தேவைப்படவில்லை."

நயினாருக்கு மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார். உலகுவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவள் கொடுக்க முடியாது. உலகு நயினாரின் மனைவி. எனக்கு நோய் இல்லையென்றால், மற்றதெல்லாம் பொருந்தினால், நான் கொடுக்கலாம். இருக்கிறதென்றால் என்னையே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் அம்மா பக்கத்தில் யார் யாருக்கு என்ன இருந்தது என்ற விவரம் வேண்டும் என்றார்.

முதலில் விவரம், பிறகு ஸ்கேன் என்று சொல்லியிருக்கிறேன். எதையும் வரிசைப்படி செய்வது நல்லது.

காரில் நயினார், "அக்கா, அந்தம்மா சொன்னதப் பெருசா எடுக்காத. அவங்க எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

நவம்பர் 6

தென்காசிக்குப் போன் செய்தேன். சங்கரநாராயணன் அத்தான், அம்மாவின் அண்ணன் மகன். மாமா எதனால் இறந்தார் என்று கேட்டேன்.

"ஏன் மங்க, திடீர்னு?"

"ஒரு விவரத்துக்குத்தான் அத்தான்."

அவர் குரலே மாறிவிட்டது. "புரியுது, புரியுது. பூரணிக்கு வயசு வந்திட்டில்லா. நீ இப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்கவே வேண்டாம். நாங்க வளத்த தங்கச்சி மகன் ஹரிக்கு ஒரு கண்ணாடிகூடக் கெடையாது. நம்ம குடும்பத்துல ஒரு தலவலி காய்ச்சல் உண்டா சொல்லு."

"அத்தான், மாமா எப்படி இறந்தாங்க?"

"அது வயசாயி."

"நாற்பத்தொரு வயசிலயா?"

"அந்தக் காலத்துல அது வயசுதானம்மா."

பூரணி என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஹரிக்கும் கல்யாணம் பேசுவதாக எனக்குக் கனவில்கூட எண்ணமில்லை. அதைச் சொல்வதற்குள் அத்தான் ஜாதகம் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நவம்பர் 10

அம்பாசமுத்திரம் தங்கம்மாள் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. போனை எடுத்தது அவள் மருமகள். "அத்தைக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. உங்க தம்பிக்கும் எங்க பையனுக்கும் ஒண்ணும் கொறையில்ல" என்று அவள் கணவனையும் மகனையும் சேர்த்துச் சொன்னாள். யாரிடமிருந்தோ செய்தி முந்திப் போயிருக்கிறது. பெண் வீட்டார் விசாரிக்கிறார்கள் என்பதுதான் செய்தி. இன்னும் சில வீடுகளுக்கும் பேசினேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒருவருக்கு மூலம்கூட இல்லை.

இந்தத் தகவல்களை நம்பினால் எங்கள் தாய்வழியில் இதுவரை யாரும் சாகவில்லை என்று முடிவுகட்ட வேண்டும்.

நவம்பர் 14

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவுசெய்தேன்.

மதியம் கல்லூரியில், உடன் வேலை பார்க்கும் டெய்சி என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில அட்மிட் ஆகாமலே ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடுற ஒரே ஆள் நீதான்" என்றாள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் தாளிப்பேன். உப்பு பேருக்கு. வீட்டில் சாப்பாட்டு மேசை நடுவில் உப்பு டப்பா இருக்கும். என் கணவரும், பூரணி வந்தால் அவளும், வேண்டிய அளவு போட்டுக்கொள்வார்கள். ஊறுகாய், அப்பளம் நான் தொடுவதில்லை. அம்மாவுக்குச் சமைத்தபோது நாக்குக்குப் பழகியது. மாற்றுவதற்குக் காரணம் எதுவும் ஏற்படவில்லை.

நவம்பர் 23

விடைத்தாள் திருத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விவரம் இன்னும் சேரவில்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 9

நயினாரின் கையில் பழையபடி அடைப்பு. கழுத்து வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "இப்ப யாரு வந்தாலும் நிமிந்து பாக்குத மாதிரி இருக்கும்லா. கெத்துதான்" என்றான். அவன் உடம்பில் ஊசிக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் ரெஹானா எங்களைத் தனியாக அழைத்துச் சொன்னார். இறந்தவர்கள் தரும் சிறுநீரகத்துக்கான வரிசையில் பதிந்திருக்கிறோம். வரிசை நீளம்.

தாழ்வாரத்தில் உலகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நான் ஒங்கள ஒண்ணும் கேக்கல. கேக்கவும் மாட்டேன்" என்றாள்.

நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

டிசம்பர் 11

உலகு குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டாள். 'உங்கள் நயினாருக்குக் கிட்னி தேவை. எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.' வேண்டிக்கொள்ளத்தான் சொல்லியிருந்தாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. அவர்களாகவே செய்கிறார்கள்.

முதலில் அத்தான். "மங்க, எனக்குப் பிரஷர் எக்கச்சக்கமா இருக்கு. ரெண்டு வேள மாத்திர போடுதேன்."

"போன மாசம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே அத்தான்."

"போன மாசம் நீ இப்படியா கேட்ட?"

"இப்பவும் நான் ஒண்ணும் கேட்கலையே."

"ஹரிக்கும் கண்ணு சரியில்ல" என்றார்.

சித்தி மருமகள்: அத்தைக்குப் பித்தப்பையில் கல், கணவருக்கு மூச்சிளைப்பு, அவளுக்கு ரத்தமே கிடையாது. இரண்டு மாதத்துக்குள் ஒரு குடும்பம் முழுவதும் நோயில் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் அக்கா தம்பி போன்ற நெருங்கிய உறவு என்றால்தான் சட்டப்படி எளிது. தூரத்து உறவென்றால் ஆயிரம் விசாரணை. அவர்களை யாரும் கேட்கப் போவதில்லை.

மாணவிகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே ஆட்கள், ஒரே கேள்வி. என்ன காரணத்துக்காகக் கேட்கிறோம் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதற்குத் தக்க பதில் வருகிறது. இரண்டு விவரமும் குப்பைக்குத்தான்.

நயினாரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து டயாலிசிஸ் மிஷின் கூவ ஆரம்பித்து, நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள்.

ஜனவரி 1

புது டைரி வந்தது. அட்டையில் நீர்மூழ்கி மோட்டார் படம். உலகுதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜனவரி 11, சனி

தங்கம்மாள் சித்தியின் கணவர் இறந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாளை துஷ்டி கேட்கப் போக வேண்டும்.

ஜனவரி 12

இதை முழுவதுமாக எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் துஷ்டி வீட்டுக்குப் போனால் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். வந்தவர்கள் எப்போது எழுவது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருப்பார்கள். உட்கார்ந்திருந்தால் பேச வேண்டும். நல்ல செய்தி எதுவும் பேசக் கூடாது. ஆகவே இறந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள்.

பெரிய கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. சித்தி சுவரோரம் சாய்ந்திருந்தாள். யாரோ ஒரு பாட்டி, "ஒனக்காவது இத்தன வருசம் இருந்தாரு. ஒங்க பெரியண்ணன் பொண்டாட்டிக்கு அந்தக் குடுப்பினகூட இல்லியே" என்று ஆரம்பித்தார். அது மாமா. சங்கரநாராயணன் அத்தானின் அப்பா.

"அவன் என்ன, ராத்திரி தலவலின்னான். விடியுமுன்ன வாய் கோணிப் போச்சு. வாதம்னு வைத்தியரக் கூட்டிட்டு வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது" என்றாள் சித்தி. நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அப்பாவும் அப்படித்தான" என்றாள் பிறகு.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா மச்சிலிருந்து தவறி விழுந்து இறந்தவர். எங்கள் வீட்டில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு விடமாட்டார்கள், அந்த ஒரு காரணத்துக்காக.

"விழுந்ததுனால தலவலி வரல. தலயப் புடிச்சுக்கிட்டு அய்யோன்னாரு. அப்பறந்தான் விழுந்தாரு. நான் கூடத்தான நின்னேன், வத்தல் காயப் போட்டுக்கிட்டு. நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ள எடுக்கணும்லா, அதுக்காவ விழுந்துட்டாருன்னே சொல்லுவோம்னு அம்ம சொல்லிட்டா."

ஒரு சாவு இன்னொரு சாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது. தாத்தாவின் தம்பிக்கு வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது, மகோதரம் என்றார்கள். அவர் மகள் பிரசவத்துக்குப் பின் மூத்திரம் போகாமல் இறந்தாள், செய்வினை என்றார்கள். எனக்கு நவம்பரிலும் டிசம்பரிலும் கிடைக்காதது எல்லாம், யாரும் எதற்காகவும் கேட்காத ஒரு வீட்டில், பாக்கு மெல்லும் நேரத்தில் வந்து விழுந்தது. இங்கே பொய் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறகு சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஒங்க அம்மைக்கு எல்லாந் தெரியும்ட்டி. அதான் ஒங்க ரெண்டு பேரையும் எண்ண தேச்சுவிடுதப்ப வயத்த அமுக்கி அமுக்கிப் பாப்பா. எங்கயாவது கட்டியா தட்டுப்படுதான்னு. ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில். விலாவுக்குக் கீழே விரல்களை ஊன்றி அழுத்துவாள். எனக்கும் நயினாருக்கும் கூச்சம் தாங்காது, நெளிந்து சிரிப்போம். அவளும் சிரிப்பாள். முடித்ததும் ஒரு தட்டு தட்டி, "போ, குளி" என்பாள்.

வாசலில் வண்டி பக்கத்தில் சங்கரநாராயணன் அத்தான் நின்றிருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துஷ்டி வீடு என்பதால் வாருங்கள் என்றோ போகிறேன் என்றோ சொல்ல வழியில்லை. சும்மா நின்றோம்.

"அந்த டாக்டரம்மா பேரு என்ன சொன்ன?" என்றார். "எனக்கு மூணு வருசமா பிரஷர். இப்ப வயிறு ஒரு மாதிரி கனமா இருக்கு. ஹரிக்கு முடிக்கிறவரைக்கும் யார்ட்டயும் சொல்லாண்டாம்னு இருந்தேன்."

டிசம்பரில் அவர் சொன்னதைத்தான் பொய் என்று நினைத்திருந்தேன்.

பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரி 14

பொங்கல். துஷ்டி என்பதால் சித்தி வீட்டில் கிடையாது, எங்களுக்கு உண்டு. பூரணி வந்திருந்தாள். சர்க்கரைப் பொங்கலில் உப்பு இல்லாததால் அம்மா நன்றாகச் சமைக்கும் ஒரே பதார்த்தம் என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் ரெஹானா அதே தாளை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல மேலேயும் பக்கவாட்டிலும் கட்டங்கள் கறுப்பாயின. தாத்தா, மாமா என்று சொன்னபோது பேனாவை வைத்துவிட்டார். இந்த நோய் உள்ள சில குடும்பங்களில் மூளையின் ரத்தக் குழாயும் பலவீனமாக இருக்கலாம், அது வெடித்தால் இப்படித்தான் நடக்கும் என்றார். நயினாருக்கும் அத்தானுக்கும் தலையை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று குறித்துக்கொண்டார். வாதம், மாடி, மகோதரம், செய்வினை. நாங்கள் நாலு பெயர் வைத்திருந்தது ஒரே நோய்க்கு.

தாளின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அடுத்து யாரைக் கேக்கப் போறீங்க, மேடம்?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நான் ஸ்கேனுக்கு நாள் கேட்டேன்.

ஜனவரி 22

ஸ்கேன் எடுத்தேன்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு பெரிய பாட்டிலைக் கையில் கொடுத்து, "முழுசும் குடிங்க" என்றாள் அந்தப் பெண். குடித்தேன். நயினாருக்கு ஒரு நாளைக்கும் சேர்த்து அவ்வளவு கிடையாது.

வயிற்றில் ஏதோ கூழைத் தடவினார்கள். சில்லென்றிருந்தது. விலாவுக்குக் கீழே அழுத்தினார்கள். கூசியது. சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தவர், "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஏசியின் காற்று காரணமாக இருக்கலாம்.

இடது பக்கம் சீக்கிரம் முடிந்தது. வலது பக்கத்தில் ஓரிடத்தில் நின்றார். அளந்தார். திரும்ப அளந்தார்.

"என்ன இருக்கு?"

"டாக்டர் சொல்லுவாங்க."

ஜனவரி 23

வலது சிறுநீரகத்தில் ஒரு கொப்புளம் இருக்கிறது. சிறியது.

ஜனவரி 24

நேற்று அந்த ஒரு வரியோடு மூடிவிட்டேன். டாக்டர் சொன்னதையும் எழுதுவதுதான் நேர்மை.

"ஐம்பது வயசுல ஒண்ணு இருக்கிறது நரைமுடி மாதிரி. யாருக்கு வேணும்னாலும் வரும். இந்த நோய்ன்னா உங்க வயசுக்குள்ள ரெண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி இருந்திருக்கும். கணக்குப்படி உங்களுக்கு இல்லை" என்றார். ஆனால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றதை நம்பி வாழப் போகிறவளுக்குக் கணக்கு மட்டும் போதாது, சந்தேகமே இருக்கக் கூடாது என்றார். அதற்கு மரபணுப் பரிசோதனை. முதலில் நயினார் ரத்தத்தில் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு என் ரத்தத்தில் அதே இடத்தைப் பார்ப்பார்கள். சில வாரங்கள் ஆகும்.

கணக்குப்படி இல்லை. கணக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் குளிக்கும்போது வலது பக்கம் கை போகிறது.

பிப்ரவரி 2

பூரணி போன்.

"அம்மா, அப்பா சொன்னாங்க. நானும் டெஸ்ட் எடுக்கணுமா?"

"எனக்கு இல்லைன்னா உனக்கு வர வழியே இல்லை. நடுவுல ஒரு ஆளைத் தாண்டிக் குதிக்காது."

"இருந்துச்சுன்னா?"

"இருந்தா, தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணு. அவசரமில்லை."

"நீ ஏம்மா இவ்வளவு நாளா பாக்கல?"

அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கத்தான் செய்தது. நான் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

மாடித் தொட்டி மோட்டார் ஓடவில்லை. நயினார் ஆளை அனுப்பினான். போனிலேயே அவனுக்கு, "அந்த வால்வத் தெறந்து பாருலே மொதல்ல" என்று வழிசொல்லிக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் நடக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

பிப்ரவரி 19

பிறந்தநாள். நாற்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்தொன்பதுதான் கடைசிப் பிறந்தநாள். கணவர் கேக் வாங்கி வந்தார். நன்றாக இருந்தது.

மார்ச் 6, வியாழன்

இல்லை.

நயினாரின் ரத்தத்தில் இடம் தெரிந்துவிட்டது. என் ரத்தத்தில் அந்த இடம் சரியாக இருக்கிறது. டாக்டர் ரெஹானா சொன்னதும், "நிச்சயமாகவா?" என்று மட்டும் கேட்டேன். அந்தத் தாளை எடுத்து என் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அது வெள்ளையாகவே இருக்கும். அதன் கீழே பூரணிக்கு ஒரு சின்ன வட்டம் போட்டு அதையும் வெள்ளையாக விட்டார்.

வெளியே வந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டேன். தொட்டுக்க என்ன என்று பையன் கேட்டதற்கு, உப்பு நார்த்தங்காய் இருக்கிறதா என்றேன். கொண்டுவந்து வைத்தான். உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. முழுத் துண்டையும் வாயில் போட்டேன். அம்மா போனபிறகு இதுதான் முதல் தடவை.

நாக்குக்குப் பழகிவிட்டது என்று நான் எழுதியது சரியில்லை. இவ்வளவு நாளும் எனக்கு இது பிடித்துத்தான் இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு நயினாருக்குப் போன் செய்தேன்.

"எனக்கு இல்லடா."



"அப்ப பூரணிக்கும் இல்லியாக்கா?"

"இல்ல."

"அப்பாடா" என்றான். மூக்கை உறிஞ்சினான். "அது போதும்க்கா. இனி யாரும் ஒண்ணும் குடுக்காண்டாம். நல்லா இருக்குத ஒடம்ப எதுக்குக் கிழிக்கணும்?"

"எனக்கு ரெண்டு இருக்கு."

"இருக்கட்டுமே. ஒனக்குத்தான எல்லாம் ஒழுங்கா இருக்கணும். பேனாகூட ரெண்டு வச்சுருப்ப."

"நாளைக்குப் பொருத்தம் பாக்க ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்காங்க. கிளம்பி நில்லு. வண்டி கொண்டு வாரேன்."

"அக்கா..."

"நான் உன்னைக் கேட்கலை. சொல்லுதேன்."

மார்ச் 19

என்னுடையது ஓ, அவனுடையது பி. கொடுக்கலாம். ரத்தம் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நயினாரின் தலைப் படத்தில் குறை ஒன்றும் இல்லை. அவனுடைய பிள்ளைகள் இருவருக்கும் பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. மற்றதைக் கொஞ்சம் வளர்ந்தபின் அவர்களே முடிவுசெய்யட்டும் என்றார் டாக்டர். அந்த இரண்டு காசுகளும் இன்னும் காற்றில்தான் இருக்கின்றன. உலகுவிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: அம்மா விரலால் தடவிப் பார்த்தாள், நாம் அளந்து பார்ப்போம், இப்போது முன்கூட்டியே செய்வதற்கு வழிகள் இருக்கின்றன.

அத்தானுக்கு நோய் உறுதியாகிவிட்டது. ஆனால் சிறுநீரகம் இன்னும் பாதிக்குமேல் வேலை செய்கிறது. சரியான மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஹரியை அவரே கூட்டிவந்தார். ஹரி கண்ணாடி போட்டிருந்தான். அது உண்மையான கண்ணாடி.

ஏப்ரல் 3

அனுமதிக் குழுவின்முன் உட்காரவைத்து, கேமராவுக்கு முன்னால் கேட்டார்கள்: "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? உறவுக்காரங்க யாராவது?"

"இல்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொன்னார்கள்."

ஒருவர் மட்டும் சிரித்தார். கணவரிடமும் கேட்டார்கள். அவர், "இவ முடிவு பண்ணினப்புறம் நான் என்ன சொல்றது சார்" என்றார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கார்வரைக்கும் வந்தார். வழக்கமாகச் செய்யமாட்டார்.

ஏப்ரல் 15

வலது பக்கத்தைத்தான் எடுப்பார்கள். இரண்டில் எது நன்றாக இருக்கிறதோ அதைக் கொடுக்கிறவருக்கே விட்டுவிடுவது வழக்கமாம். அந்தச் சின்னக் கொப்புளத்தை மேஜையிலேயே சுத்தம்செய்துவிட்டுப் பொருத்துவார்கள்.

நயினார் கேட்டுவிட்டு, "பாத்தியா, புள்ளி விழுந்த சொள்ளையாப் பாத்து எனக்குத் தள்ளுத. சின்ன வயசுல மாம்பழம் பங்கு வச்சது மாதிரியே" என்றான்.

"வேண்டாம்னா சொல்லு."

"சரி சரி, குடு. வாங்கிக்கிடுதேன்."

ஏப்ரல் 21

நாளை காலையில். பையில் டைரியை வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் அவ்வளவு பயமாக இல்லை.

ஏப்ரல் 24

இப்போதுதான் எழுத முடிகிறது. கிறுக்கலாக வருகிறது. பக்கவாட்டில் தையல், இருமினால் வலிக்கிறது. டெய்சி வந்தபோது சிரிக்க வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவளால் முடியவில்லை.

பொருத்தியவுடன், தைத்து முடிப்பதற்கு முன்பே சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டதாம். டாக்டர் ரெஹானா என் கட்டில் பக்கத்தில் வந்து, "உங்க கிட்னி ரொம்ப ஒழுங்கு மேடம், போனதும் வேலைக்குச் சேர்ந்துடுச்சு" என்றார். உலகு வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கையைக் கீழே இறக்கு என்று சைகை காட்டினேன். இறக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

நயினாரைப் பார்க்க விடமாட்டார்கள், தொற்று பயம். போனில் பேசலாம் என்றார்கள். பேசினேன்.

"எப்படிடா இருக்க?"

"இங்க ஒரே தொந்தரவுக்கா." குரல் தெளிவாக இருந்தது. பழைய குரல், கடையில் ஆட்களை விரட்டும் குரல். "மணிக்கு மணி ஒரு நர்ஸ் வந்து ஏசுதா."

"ஏன், என்ன செஞ்ச?"

"தண்ணி குடிக்கலையாம். பக்கத்துல ரெண்டு பாட்டில் வச்சிருக்கா. சாயங்காலத்துக்குள்ள காலியாகணுமாம். ரெண்டு வருசமா பழகிட்டுல்லா, பாட்டிலப் பாத்தாலே பயமா இருக்கு."

"குடி."

"குடிக்கணுமாக்கா?"

"குடிடா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குடிக்கும் சத்தம். நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.